புதிர் போடப் புறப்பட்ட இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



பகலெல்லாம் பிறருடைய நிறுவனங்களில் உழைத்துவிட்டு, மாலையில் வாடகை அறையொன்றில் ஒன்றுகூடி, உங்கள் சொந்தச் சேமிப்பைச் செலவிட்டு நீங்கள் உருவாக்கிய தமிழ்ச் சொற்புதிர் விளையாட்டு இன்னும் சில வாரங்களில் இணையத்தில் வெளிவரப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பத்திரிகைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்தே காலம் கழித்தவன் என்ற முறையில், வெளியீட்டுக்கு முன்பாக நான் அதை ஆடிப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆடிப் பார்த்தேன், மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். சொல்லியே ஆக வேண்டிய விஷயங்கள் சிலவும் மனத்தில் எழுந்தன. அவற்றைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் உங்களைப் போலவே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பெரிய மூலதனமோ பெயரோ இல்லாமல், முதல் விளையாட்டை வெளியிடத் துணிந்திருக்கும் இளைஞர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதும், உங்கள் முன் நிற்கும் ஆசைகளும் ஐயங்களுமே அவர்கள் முன்னும் நிற்கும் என்பதும்தான்.

புதிர் என்பது இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை. "இதை விடுவிக்க உனக்கு வேண்டியவை யாவும் உன் கண்முன்னே இருக்கின்றன, உன் அறிவையும் பொறுமையையும் தவிர வேறெதையும் நான் உன்னிடம் கேட்கமாட்டேன்" என்று போடுகிறவன் வாக்குக் கொடுக்கிறான், விடுவிக்கிறவன் அந்த வாக்கை நம்பித் தன் பொழுதைக் கொடுக்கிறான். தொல்காப்பியர் தம் செய்யுளியலில் புதிரைப் பிசி என்று வகுத்த காலத்திலிருந்து, திண்ணையில் உட்கார்ந்து பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குப் போட்ட விடுகதை வரையில், இந்த வாக்குத்தான் புதிருக்கு உயிராக இருந்து வந்திருக்கிறது. விடையைக் கேட்டவுடன், "அடடா, இது எனக்குத் தோன்றியிருக்கலாமே!" என்று எதிராளி சொல்ல வேண்டும், "இதை யாரால் சொல்ல முடியும்?" என்று அவன் சலித்துக்கொண்டால், தோற்றவன் புதிர் போட்டவனே.

இந்த வாக்கு மீறப்பட்ட சரித்திரம் நம் தேசத்திலும் உண்டு. உங்களில் பலர் அதை அறிந்திருக்கமாட்டீர்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியப் பத்திரிகைகள் பலவற்றில் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் பரிசுத் தொகைகளோடு நடந்து வந்தன. நுழைவுக் கட்டணம் சொற்பம். பரிசோ ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது. போட்டி அமைப்பாளர்களின் யுக்தி குறிப்புகளில் இருந்தது. உதாரணமாக, "உழவனுக்கு இது இன்றியமையாதது" என்று குறிப்பு எழுதி, முதற்கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த இரண்டு கட்டங்களில் "ற்று" என்று நிரப்பி வைத்தால், நாற்று என்றும் எழுதலாம், ஊற்று என்றும் எழுதலாம். இரண்டும் பொருந்தும், இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எது சரி என்பதை முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த உறைதான் தீர்மானிக்கும். இத்தகைய குறிப்புகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டால், அறிவாளியும் அறியாதவனும் ஒரே நிலையில் நின்று அதிர்ஷ்டத்தை வேண்டிக்கொள்ள நேரிடுகிறது. பெயர் புதிர், உள்ளே இருந்தது சீட்டுக் குலுக்கல். அதனால்தான் 1955-ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டம் பிறந்து, மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடுத்தது. 1957-இல் உச்ச நீதிமன்றம், திறமையைப் பெரும்பாலும் சார்ந்திராத போட்டிகளுக்கே அச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவே கோடு கிழிக்க ஒரு தேசத்தின் உச்ச நீதிமன்றமே உட்கார வேண்டியிருந்தது என்பதை, புதிர் அமைக்கிற ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாதபடி, நம் வீடுகளில் இன்று ஆன்லைன் விளையாட்டு என்று சொன்னவுடனே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் ரம்மியால் கடனாளியான குடும்பங்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உங்கள் விளையாட்டில் பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. சட்டம் உங்களைத் தொடாது. ஆனால் சட்டம் தொடாத இடத்திலும் மக்களின் சந்தேகம் தொடும். அந்தச் சந்தேகத்தை விளம்பரத்தால் போக்க இயலாது. விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் காட்டும் நேர்மையால்தான் போக்க முடியும்.

இனி உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். நான்கெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள். முதல் நாள் என் கைப்பேசியில் "தோட்டம்" என்று இட்டேன், ஏற்றுக்கொண்டது. மறுநாள் வீட்டிலுள்ள பழைய மேசைக் கணிப்பொறியில் அதே சொல்லை இட்டபோது, ஐந்து எழுத்து இருக்கிறது என்று மறுத்துவிட்டது. தோ, ட், ட, ம் என்று எண்ணினால் எந்தக் குழந்தைக்கும் நான்கே எழுத்துத்தான். பிழை எங்கே என்பது உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். 1991-இல் முதற்பதிப்பு வெளிவந்த நாள் முதலாகத் தமிழுக்கு இடமளித்து வரும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை, ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுத இடம் கொடுக்கிறது. இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகப் பிரித்து எழுதவும் இடம் கொடுக்கிறது. திரையில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு குறியீட்டு வரிசைகள். சோதிப்பதற்கு முன்பு இரண்டையும் ஒரே வடிவமாக்கிக்கொள்ளும் வழியை அந்த யூனிகோடு விதிகளே வகுத்திருக்கின்றன. உங்களுக்கு அது அரைநாள் வேலையாக இருக்கலாம். ஆனால் சரியான சொல்லை இட்ட ஒருவரைப் பார்த்து "நீ எழுத்தெண்ணத் தவறினாய்" என்று இயந்திரம் சொல்லும் அந்த ஒரு கணத்தில் நம் உடன்படிக்கை முறிந்து போகிறது. முறிந்ததை ஒட்டவைக்க அரைநாள் போதாது.

தமிழ் எழுத்தின் இயல்பை முன்னிட்டு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விளையாட்டின் மிகச் சிறந்த வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். எழுத்து சரி, இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல் என்ற மூன்று நிறங்களை வேர்டில் என்ற ஆங்கில விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஐந்தெழுத்தை இட்டு ஐந்தும் சாம்பலானாலும், மொத்தத்தில் கணிசமான பங்கு கழிந்துவிட்டது என்ற லாபம் ஆடுபவருக்குக் கிடைக்கிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. "கு" இல்லை என்று அறிந்தவருக்குக் கழிந்தது 247-இல் ஒன்றுதான். "க" உண்டா, "கூ" உண்டா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. விளக்கத்துக்காக இரண்டெழுத்தில் விடை "குடை" என்று வைத்துக்கொள்வோம்; ஒருவர் "கடை" என்று இடுகிறார். மெய்யைச் சரியாகப் பிடித்துவிட்டு உயிரில் மட்டும் பிசகிய அவருக்கும், "வடை" என்று இட்டவருக்கும் உங்கள் விளையாட்டு முதல் எழுத்தில் ஒரே சாம்பலைத்தான் காட்டும். இது நியாயமன்று. மெய் சரி, உயிர் வேறு என்பதற்கு ஒரு நிறமும், உயிர் சரி, மெய் வேறு என்பதற்கு ஒரு நிறமும் சேர்த்துப் பாருங்கள். நம் இலக்கணம் உயிரையும் மெய்யையும் பிரித்துக் காட்டிய அந்த நுட்பமே விளையாட்டின் விதியாகிவிடும்; இரவல் வாங்கிய விளையாட்டு என்று அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லமுடியாது. விசைப்பலகையிலும் 247 பொத்தான்கள் வேண்டியிரா. உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31 போதும், சேர்க்கையை நிரல் பார்த்துக்கொள்ளும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் எந்த முடிவானாலும் முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது சொற்பட்டியல். அந்த வேர்டில் விளையாட்டை ஜோஷ் வார்டில் தம் துணைவி பாலக் ஷாவுக்காக நியூயார்க்கின் புரூக்ளினில் உருவாக்கியபோது, ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, தமக்குத் தெரிந்தது, தெரியாதது, தெரிந்திருக்கக்கூடியது என்று பிரித்து, விடையாக வரத் தகுதியுள்ளவை சுமார் 2,500 என்று சுருக்கித் தந்தவர் அந்த அம்மையார். விளையாட்டின் புகழ் முழுவதும் நிரலெழுதியவர்க்குப் போய்விட்டது. ஆயினும், தினந்தோறும் விடையைக் கண்டவர்கள் "இது எனக்குத் தெரிந்த சொல்தான்" என்று மகிழ்ந்ததற்கு மூலகாரணம், பட்டியலை முன்வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சிரத்தையே. நீங்களோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலிருந்து நான்கெழுத்துச் சொற்களையெல்லாம் இயந்திரத்தால் உருவியெடுத்துச் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த மகத்தான நூலில், நிகண்டுகளைத் தவிர வேறெங்கும் வழங்காத சொற்கள் ஏராளம் உண்டு. அவற்றை ஆடுபவர் இட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். விடையாக ஒருபோதும் வைக்காதீர்கள். ஏற்கும் பட்டியல் பெரிதாகவும் விடைப்பட்டியல் சிறிதாகவும் இருப்பதே முறை.

அந்தச் சிறு பட்டியலையும் ஒரே ஊர்க்காரர்கள் உட்கார்ந்து தயாரிக்கக் கூடாது. சாவியை யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பார்கள். மதுரைக்காரர் ஒருவர் அந்த நான்கு கட்டங்களின் முன்னால் நாள் முழுதும் திகைத்து உட்கார நேரும். நாற்காலியும் கதிரையும் இவ்வகையே. இரு கரையாருக்கும் பொதுவான சொற்களை விடையாக வைத்து, ஒரு கரைக்கே உரிய சொல்லை வைக்கும் நாளில் அதை முன்னறிவிப்பாகச் சொல்லிவிட்டால், தெரியாத சொல்லைக் கற்றுக்கொண்டோம் என்ற சந்தோஷமாவது மிஞ்சும். வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களை விலக்கியிருக்கிறீர்கள். அது சரியான முடிவு, அதை மாற்றாதீர்கள். மனிதர் கையால் பொறுக்கி அமைப்பதன் அருமைக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. ஜப்பானில் 1980-இல் தொடங்கிய நிகோலி என்னும் சிறு பத்திரிகை, பின்னாளில் உலகமெங்கும் பரவிய சுடோகுவுக்கு அந்தப் பெயரையே தந்தது. கணிப்பொறி கணநேரத்தில் ஆயிரம் சுடோகு உண்டாக்கித் தரும் காலத்திலும், மனிதர் கையால் அமைத்த புதிர்களையே விடாப்பிடியாக வெளியிட்டதற்காக அது பெயர் பெற்றது. கையால் அமைத்த புதிரில் அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று யாரோ நம்மைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது ஆடும்போதே தெரிகிறது. எத்தனை ஆண்டு புதிர் அமைத்தாலும் அந்த யோசனைதான் என் தொழிலின் முக்கால் பங்கு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கட்டத்தின் வலது மூலையில் ஒரு சிறு விளக்குப் படம் வைத்திருக்கிறீர்கள். தொட்டால், 10 ரூபாய் கட்டி ஓர் எழுத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அதை எடுத்துவிடும்படி உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வாடகையும் சர்வர் கட்டணமும் யார் கொடுப்பார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. உழைத்தவர்க்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்குக் கடுகளவும் கருத்து வேறுபாடு இல்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. தடுமாற்றத்தை விற்கத் தொடங்கிய நாள் முதல், ஆடுபவர் தடுமாறுவதில் உங்களுக்கு ஆதாயம் உண்டாகிறது. எத்தனை நல்லவராக இருந்தாலும், அதற்குப் பிறகு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு உட்காரும்போது உங்கள் மனம் நடுநிலையில் நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுச் சற்றே கடினமான சொல்லைக் கை தேடும். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2012-இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகா கண்கண்ட சாட்சி. ஐந்து உயிர்கள், தோற்றால் ஒன்று போகும், அது மீள அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கொடுக்க வேண்டும், அல்லது நண்பர்களை நச்சரிக்க வேண்டும். அதை உண்டாக்கிய கிங் நிறுவனம் 2016-இல் 590 கோடி டாலருக்கு விலைபோயிற்று என்பது உண்மை. கோடானுகோடி மனிதரின் பொறுமையின்மைக்கு அங்கே விலை கட்டப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை.

இதற்கு மாறான வழியும் வெற்றி பெற்றதுண்டு. அமெரிக்காவில் 2000-இல் ஜான் வெச்சி, பிரையன் ஃபீட்டி, ஜேசன் கபால்கா என்ற மூவர் பாப்கேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மணிக்கற்களை இடம் மாற்றி வரிசை சேர்க்கும் இணையப் புதிரொன்றை 2001-இல் வெளியிட்டார்கள். பிஜ்வெல்டு என்ற பெயரில் அது பரவியது. இணைய விளம்பர வருமானம் வற்றிப் போயிருந்த காலம் அது. அவர்கள் என்ன செய்தார்கள்? இணையத்தில் இலவசமாக ஆடவிட்டார்கள்; பிடித்திருந்தால் சுமார் 20 டாலர் கொடுத்து முழு விளையாட்டையும் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒருமுறை விலை, அதன்பின் கணக்குத் தீர்ந்தது. மக்கள் வாங்கினார்கள், பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்நிறுவனம் 75 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. பிராகாவில் யாகுப் துவோர்ஸ்கி என்ற மாணவர் தம் பட்டப்படிப்புக்காகச் செய்து 2003-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட சாமோரோஸ்ட் என்ற சித்திரப் புதிருக்கும் இவ்விதமே ஒரு தொடர்ச்சி வந்தது. 2005-இல் வந்த இரண்டாம் பாகத்தில் முற்பகுதி இலவசம், பிற்பகுதிக்கு விலை. ருசி பார்க்கக் கொடுத்து, முழுவதற்கும் ஒரே விலை கேட்பது கண்ணியமான வியாபாரம். நீங்களும் அன்றாடப் புதிரை எல்லோர்க்கும் இலவசமாகக் கொடுங்கள்; பழைய புதிர்களின் தொகுப்புக்கும், பள்ளிகளுக்கான தனித் தொகுப்புக்கும் விலை வையுங்கள். முழு விளையாட்டுக்கு 200 ரூபாய் கேட்கக் கூசாதீர்கள். விடைக்கு 10 ரூபாய் கேட்கக் கூசுங்கள்.

உங்களுடையதைப் பார்த்து வேறொருவர் நகல் செய்துவிடுவாரோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் தென்பட்டது. செய்வார்கள். திரீஸ் என்ற எண் புதிரை ஒரு சிறு குழுவினர் ஓராண்டுக்கு மேல் செதுக்கி 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, அதன் சாயலில் வந்த ஒன்றைப் பின்பற்றி, 19 வயது இத்தாலிய இளைஞர் ஒருவர் வாரக் கடைசியில் எழுதி இலவசமாக வெளியிட்ட 2048 உலகை நிறைத்துவிட்டது. அந்தக் குழுவினரின் மனம் நொந்தது. எனினும் தாங்கள் ஒவ்வொரு விதியையும் எப்படி வந்தடைந்தோம் என்பதைக் காட்டும் தங்கள் நீண்ட கடிதப் போக்குவரத்தை அவர்கள் வெளியிட்டார்கள். விதியை நகல் செய்யலாம். நீங்கள் கையால் பொறுக்கிய சொற்பட்டியலையும் உயிர்மெய் நிறங்களுக்குப் பின்னுள்ள யோசனையையும் நாள்தோறும் தொடர்ந்து தருவது நகல் செய்கிறவர்க்கு அரிது. அந்த அளவில் தைரியமாக இருங்கள்.

முதல் வாரத்தில் யாரும் வரவில்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். வேர்டிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பின், 2021 நவம்பர் முதல் தேதியில் அதை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி இரண்டாம் தேதியில் மூன்று லட்சம் பேர். அந்த மாத முடிவில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது. எல்லோர்க்கும் இப்படி நேராது. நேர வேண்டும் என்று எதிர்பார்த்துப் புதிர் போடுவதும் ஆரோக்கியமன்று. நான் கவனித்தது அந்த 90 பேரை. விளம்பரமும் மணியோசையும் இல்லாமல், நாளுக்கு ஒரே ஒரு புதிர் என்று அளவோடு பரிமாறப்பட்டதை, அவர்கள் முடித்துவிட்டு மறுநாளும் தேடி வந்தார்கள். நாளுக்கு ஒன்று என்ற அந்த விரதத்தை நீங்களும் கைவிட வேண்டாம். தொடர்ந்து எத்தனை நாள் ஆடினார் என்று எண்ணி, ஒருநாள் வராமற்போனவரைக் குற்றவாளியாக்கும் அந்தச் சங்கிலிக் கணக்கை மட்டும் நீக்கிவிடுங்கள். பரீட்சை நாளிலும் காய்ச்சல் நாளிலும் ஒரு குழந்தை உங்கள் விளையாட்டை நினைத்துப் பதறக் கூடாது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. ஓகார ஒகாரங்களின் எழுத்தெண்ணிக்கை சரியாகும் வரையில், வெளியீட்டு நாளை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்தாலும் பாதகமில்லை. விடைப்பட்டியலை இயந்திரத்திடமிருந்து மீட்டு, இலங்கைத் தமிழர் ஒருவரையும் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பாருங்கள். என்னையும் அழைத்தால் வந்து உட்காருகிறேன். மூலையிலுள்ள விளக்குப் படத்தை எடுத்துவிடுங்கள். இவற்றைச் செய்துவிட்டு நீங்கள் வெளியிடும் நாளில், உங்கள் விளையாட்டுக்கு முதல் விலையைக் கொடுத்து வாங்குகிறவன் நானாக இருக்க விரும்புகிறேன். 

உங்கள் நலம் நாடும்,
குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கும் ஒருவன்